வெள்ளிக்கிழமை கழுவிய மீன்தொட்டி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டும் தங்கைக்குப் போடும் கடிதமும்தான். போதாததற்கு மறதி வேறு. எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று சில இடங்களில் தடுமாறுவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள். மீன்தொட்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் கதவைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்கிற ஊரில் என் மகள் வீடு. என் கணவர் தவறிய பிறகு, "நீ தனியா இருந்து என்ன பண்ணப் போறே?" என்று மகளே வந்து அழைத்துப் போனாள். எனக்குக் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டிருந்தார்கள். அது வருகிறவரைக்கும் ஊருக்குத் திரும்பக் கூடாது, திரும்பினால் போட்ட மனு வீணாகிவிடும் என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். வரும்போது வரும் என்றார்கள்.

வீடு பெரிய வீடு. தரையெல்லாம் கம்பளம், நடந்தால் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்காது. ஏசி வீணாகும் என்று ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். வெளியே தெருவில் மனித நடமாட்டமே இருக்காது. கார் வரும், கராஜ் கதவு தானாக மேலே போகும், காரை உள்ளே வாங்கிக்கொண்டு மூடிக்கொள்ளும். அதற்குள்ளிருந்து இறங்கியது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி உண்டு. எண்கள் போட்ட பொத்தான்கள், ஒரு சிவப்பு விளக்கு. அடுத்த தெருவில் யாரோ பூட்டை உடைத்து நுழைந்தார்கள் என்று அதை மாட்டினார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது மகள் பொத்தான்களை அழுத்துவாள். "அம்மா, அலாரம் போட்டாச்சு. உள்ள எங்க வேணா நடந்துக்கோ. கதவை மட்டும் டச் பண்ணிடாதே." உள்ளே எங்கே நடப்பது? சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து சமையலறை.

இனி மாப்பிள்ளை. எங்கள் வீடுகளில் மாமியார் மாப்பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் கிடையாது. அவர் கூடத்துக்கு வந்தால் நான் சமையலறைக்குப் போய்விடுவேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்வேன். மகள் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்து, "காபி ஆறிப்போகுது" என்பேன். அவர் வந்து எடுத்துக்கொள்வார். பிடிக்காமல் அல்ல, அது ஒரு மரியாதை. என் அம்மா என் கணவரிடம் கடைசிவரை நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்பது என்னைவிட அம்மாவுக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போது மகளுக்கு வேறு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை விமானம் ஏறிக் கலிஃபோர்னியா போக வேண்டும், வியாழக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவாள், வெள்ளிக்கிழமை இங்கே உள்ள ஆபீஸ். நானும் மாப்பிள்ளையும் மட்டும் வீட்டில்.

"ரெண்டு பேரும் ஊமை மாதிரி உக்காந்திருப்பீங்க" என்று மகள் சிரித்தாள். அந்த வாரமே மீன்தொட்டி வாங்கி வந்துவிட்டாள். "உனக்குத் துணையா இருக்கும்மா. இதுக்கு இங்கிலீஷும் வேண்டாம், டிரைவிங்கும் வேண்டாம்."

கண்ணாடித் தொட்டி. அடியில் நீலக் கல், ஒரு பிளாஸ்டிக் செடி. காற்றுக் குமிழி விடும் ஒரு டப்பா, அதற்குள் பஞ்சு மாதிரி ஒன்று. அதை ஃபில்டர் என்றார்கள். ஆரஞ்சு நிறத்தில் கோல்ட் ஃபிஷ் சிலது. கூடவே வந்த சின்னப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதில் ஒரு கை சிட்டிகை தீனி போடுகிற படமும் அதன் மேல் ஒரு சிவப்புக் கோடும் இருந்தன. சிட்டிகை போடு என்கிறதா, போடாதே என்கிறதா என்று எனக்கு விளங்கவில்லை. மகள் அவசரமாக விமானத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு மீன் பற்றித் தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஏனென்றால் சனிக்கிழமை விடிந்தால் அவர் ஆபீஸ் வெள்ளைக்காரர்களோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார். பாஸ் என்று ஒரு மீன், நம் ஊர் விரால் மாதிரி பெரிய வாய்க்காரன். அதற்கு மண்புழு கிண்புழு கிடையாது, பொய் இரைதான். லூர் என்பார். கராஜில் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார்.

புதிதாக வாங்கிய லூரை முதலில் பாத்டப்பில் தண்ணீர் நிரப்பி மிதக்க விட்டுப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வந்து பாரேன். உன் மாப்பிள்ளை குளிக்கிற தொட்டியில மீன் பிடிக்கிறார்."

நான் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் மண்டி போட்டு உட்கார்ந்து, நூலைக் கையில் பிடித்துச் சுண்டிச் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தார்.

"எது நெஜத் தவளை மாதிரி இருக்குன்னு அத்தையைக் கேளு."

"அம்மா, எது தவளை மாதிரி இருக்குன்னு கேக்கறார்."

"பச்சை ரப்பர்ல இருக்கே, அதுதான்னு சொல்லு. காலெல்லாம் அப்படியே இருக்கு."

"அந்தக் கட்டை எப்படின்னு கேளு."

"அது கரும்புத் துண்டு மாதிரி இருக்கு. எந்த மீன் புத்தி கெட்டுப்போய் அதைக் கடிக்கும்னு கேளு."

பாத்ரூமுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த சனிக்கிழமை ரப்பர் தவளையை எதுவும் சீண்டவில்லையாம், கரும்புத் துண்டைத்தான் கடித்ததாம். "அத்தை செலக்ஷன் ஃபெயில்னு சொல்லு" என்றார். ஆனாலும் ஒவ்வொரு புது லூருக்கும் கேட்பதை அவர் விடவில்லை, நான் தப்பாகச் சொல்வதையும் விடவில்லை. எனக்கு அழகானதுதான் கண்ணில் படும். அவர் பார்ப்பது வேறு. தண்ணீரின் மேலே அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையாட்டிக்கொண்டு நடக்கிறதா, வாய்க் குழியில் தண்ணீர் மோதி 'ப்ளக்' என்று சத்தம் வருகிறதா என்று. கீழே இருந்து பார்க்கிற மீனுக்கு அழகு தெரியாதாம், நிழலும் சத்தமும்தான் தெரியுமாம்.

"பிடிச்ச மீன் எங்கேன்னு கேளு" என்றேன் மகளிடம்.

"விட்டுட்டாராம்மா."

"விடறதுக்கு எதுக்குப் பிடிக்கணுமாம்?"

"ஸ்போர்ட்டும்மா!"

அன்றைக்குத்தான் அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த மாதிரி லூரெல்லாம் டாப்வாட்டர், தண்ணீருக்கு மேலேயே மிதக்கும். மீன் அடியிலிருந்து மேலே வந்து வாயைத் திறக்கிறது என்றால் அதற்கு நல்ல பசி என்று அர்த்தம். இதை நான் மனசில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மகள் இல்லாத நாட்களில் நான் பேசுவது மீன்களிடம்தான். மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து வந்ததும் தொட்டிக்கு முன்னால் போய் நின்று, "உங்களுக்குச் சாப்பாடு ஆச்சு, அடுப்பில ரசம் சூடா இருக்கறது யாருக்காம்?" என்பேன். அவர் தட்டை எடுத்துக்கொள்வார். சில நாள் அவரும் மீன்களைப் பார்த்து, "இன்னிக்கு ரசம் பிரமாதம்" என்பார். எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. மீன்தான் பாவம், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

கொஞ்ச நாளில் மீன்கள் மேலே வர ஆரம்பித்தன. தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பார்க்கவே பரிதாபம். பசி என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளை சொன்னதும் அதுதானே. எங்கள் வீட்டில் சமையலறை வாசலில் வந்து வாய் திறந்து நின்றவர்களை நான் சும்மா அனுப்பியதில்லை. போட்டேன். இன்னும் வந்தன. இன்னும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தால் எனக்கு விளக்குத் தேய்க்க வேண்டும், சாமி படம் துடைக்க வேண்டும், வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். மீன்தொட்டி மட்டும் பச்சை பிடித்து நிற்கலாமா? மீன்களை ஒரு பாத்திரத்தில் மாற்றிவிட்டு, கல்லையும் செடியையும் ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சையும் வெந்நீரில் அலசுவேன். பஞ்சிலிருந்து பழுப்பாக அழுக்கு வரும், அது போகிறவரைக்கும் பிழிவேன். தொட்டியைத் தேய்த்துப் புதுக் குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றுவேன். கண்ணாடி அப்படி மின்னும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு மீன் செத்து மிதக்கும்.

மாப்பிள்ளை வேறு மீன் வாங்கி வருவார். அதுவும் போகும். மீன் கடைப் பெண்ணிடம் கேட்டதற்கு ஏதோ சொட்டு மருந்து கொடுத்தாளாம். அது வெள்ளை மூடி போட்ட குப்பி. எதற்கு, எப்போது என்று எனக்குத் தெரியாது. என்னால் கேட்கவும் முடியாது. கேட்டால் சுவரைப் பார்த்து எவ்வளவு நேரம் கேட்பது? அந்தக் குப்பி சிங்க்குக்குப் பக்கத்திலேயே இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு மீன் மிஞ்சியது. வாலில் வெள்ளைப் புள்ளி உள்ளது. ஒரு நாள் போனில் மாப்பிள்ளை மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இதுவும் போச்சுன்னா தொட்டியை எடுத்துக் கராஜ்ல போட்டுடலாம். அத்தை ரொம்ப அப்செட் ஆறாங்க." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த மீன் போய்விட்டால் வீட்டில் நான் யாரைப் பார்த்துப் பேசுவது?

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை இன்னும் கவனமாகக் கழுவினேன்.

கழுவிய தண்ணீரை எப்போதும் பாத்ரூமில்தான் கொட்டுவேன். அன்றைக்குப் பின்பக்கக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், வெளியே மண்தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடி வெயிலில் தலை தொங்கிப்போய் நின்றது. மீன் தண்ணீர் செடிக்கு நல்லதாயிற்றே என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு யோசனையும் இல்லாமல் கதவை இழுத்துவிட்டேன்.

அப்பா! அந்தச் சத்தம். வீடே அலறியது. வாளி கைநழுவிக் கம்பளமெல்லாம் தண்ணீர். கதவை மறுபடி சாத்தினேன், நிற்கவில்லை. வெள்ளைப் பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் என்னைக் கேட்டது, திரும்பத் திரும்பக் கேட்டது. நான் பெட்டியைப் பார்த்து, "ஒண்ணுமில்லைம்மா, ஒண்ணுமில்லை" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

போலீஸ் வந்தார்கள், இரண்டு பேர். வாசல் கதவைத் தட்டினார்கள். கதவைத் தொடாதே என்றுதானே சொல்லியிருக்கிறார்கள், நான் தொடவில்லை. மீன்தொட்டிக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டேன். அவர்கள் ஜன்னலுக்கு வந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், நான் அவர்களைப் பார்க்கிறேன், அவர்கள் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை.

மாப்பிள்ளை ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்கத் தொங்க ஓடி வந்தார். போலீஸிடம் பேசி அனுப்பினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டுகளைக் கொண்டு வந்து கம்பளத்தை அவரே ஒற்றி எடுத்தார். நான் என் அறைக்குள் போனவள் மகள் வந்து கூப்பிடுகிறவரை வெளியே வரவில்லை. மகள் அழுதுவிட்டாள். "கதவுகிட்டயே போகாதேம்மா, ப்ளீஸ். துப்பாக்கியோட வருவாங்கம்மா." சரி என்றேன்.

அதற்குப் பிறகு ஜன்னலில் நிற்பதுதான் என் வேலை. கண்ணாடியில் நெற்றி பட்டால் கொஞ்சம் சூடாக இருக்கும், வெளியே வெயில் எப்படி என்று அதில் தெரியும். கறிவேப்பிலைக்கு மகள் ஞாபகம் வந்தால் தண்ணீர் ஊற்றுவாள். நான் இப்படி நிற்பதை எதிர்வீட்டு அம்மாள் மகளிடம் சொல்லியிருக்கிறாள். மகள் ஹூஸ்டன் போய் ஹில்கிராஃப்ட் என்கிற தெருவில் நம் ஊர்க் கடைகளில் முறுக்கும் தட்டையும் வாங்கி வந்தாள். நான் இன்னும் நின்றேன். அவள் இன்னும் வாங்கி வந்தாள்.

மாப்பிள்ளை இதற்கிடையே ஆபீஸ் கம்ப்யூட்டரில் மீன் விஷயத்தைக் கேட்டுப் போட்டிருக்கிறார். ஊர் பேர் தெரியாத யார் யாரோ பதில் எழுதியிருந்தார்கள். அதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் சமையலறை மேடைக்கு அந்தப் பக்கம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் புள்ளி மீன் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"உன்னைப் பத்தி ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார் மீனிடம். "ஒருத்தன் உப்புப் போடுங்கறான். ஒருத்தன் உப்பே கூடாதுங்கறான். ஒரு அம்மா, தொட்டி ரொம்பச் சின்னது, இது கொடுமைன்னு திட்டியிருக்கா. ஆனா எல்லாரும் ஒரே கேள்வி கேக்கறாங்க. உன் வீட்டை எப்படிக் கழுவறாங்க?"

கத்தி நின்றுவிட்டது. மீனைப் பார்த்துச் சொன்னேன். "சொல்லேன். வெள்ளிக்கிழமை தவறாம கழுவறாங்க. கல்லு, செடி, அந்தப் பஞ்சு, எல்லாம் வெந்நீர்ல. அழுக்கு ஒரு சொட்டு விடறதில்லை. புதுக் குழாய்த் தண்ணி."

அவர் காகிதத்தைப் பார்த்தார். மீனைப் பார்த்தார்.

"அதான் தப்பாம்" என்றார் மெதுவாக.

"கழுவறது தப்பா?"

"அந்தப் பஞ்சு அழுக்குலதான் நல்ல கிருமி இருக்காம். மீனோட அழுக்கை அது தின்னுடுமாம். அதைக் கொன்னுட்டா தண்ணியே விஷம். தண்ணியைக் கொஞ்சமா மாத்தணுமாம், பாதிகூடக் கூடாது. குழாய்த் தண்ணியில மருந்து கலந்திருக்கறதால அந்தச் சொட்டு விடணுமாம். தீனியும் கொஞ்சம்தான்."

கிருமியில் நல்ல கிருமி உண்டு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். "அப்ப மேலே வந்து மேலே வந்து வாயைத் திறக்குதே, அது பசியில்லையா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பசி இல்லையாம். மூச்சு முட்டுதாம். காத்துக்காக மேலே வருதாம். நான் ஏரி மீனுக்குச் சொன்னதை இதுக்கும் அதேதான்னு நெனச்சுட்டேன். பேத்தல்."

நான் மறுபடி பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தேன். அப்போது போன் அடித்தது. மகள். அவர் எப்போதும் போல ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார், அவள் குரல் கூடமெங்கும் கேட்டது.

"அம்மா சாப்பிட்டாளா? எப்பப் பாத்தாலும் ஜன்னல்கிட்டயே நிக்கறாளாமே. தட்டை எல்லாம் பிரிக்காம அப்படியே இருக்கு. என்ன வேணும்னு கேளுங்க. இந்த வாரம் ஜாங்கிரி வாங்கிட்டு வரேன்னு சொல்லுங்க."

மாப்பிள்ளை மீன் பக்கம் திரும்பினார். "என்ன வேணுமாம்?"

மீன் வாயைத் திறந்து மூடியது. கத்தியைக் கீழே வைத்தேன். மேடையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அவர் சட்டைப் பொத்தான் வரைக்கும்தான் என்னால் நிமிர முடிந்தது.

"எனக்குப் பசி இல்லை, மாப்பிள்ளை" என்றேன். "பின்கதவு."

அவர் எழுந்து நின்றுவிட்டார். போனில் மகள், "யாரு பேசினது? அம்மாவா? அம்மா, நீயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுக்கும் அவருக்கும் கொஞ்ச நேரம் இங்கிலீஷில் வாக்குவாதம். போலீஸ் என்ற வார்த்தை எனக்குப் புரிந்தது. மூச்சு என்று அவர் தமிழில் சொன்னதும் புரிந்தது.

போனை வைத்துவிட்டு என்னை வெள்ளைப் பெட்டியிடம் கூட்டிப்போனார். "அத்தை, நீங்களே அலாரத்தை நிறுத்தறதுக்கு நாலு நம்பர் வேணும். உங்களுக்கு மறக்கவே மறக்காத நம்பர் ஒண்ணு சொல்லுங்க."

எனக்கு எது ஞாபகம் இருக்கும்? யோசித்து, ஊரில் எங்கள் வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னேன். முனிசிபாலிட்டிக்காரர்கள் எண்ணை மாற்றியதில் எங்கள் கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு இலக்கம்.

"பழசும் புதுசும் சேர்ந்தா நாலு ஆச்சே!" என்று அவர் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

மறுநாள் அவர் போன பிறகு நெடுநேரம் பெட்டிக்கு முன்னால் நின்றேன். முதலில் புது எண்ணைப் போட்டுவிட்டேன். அது 'கீங்' என்று முறைத்தது. போலீஸ் வந்துவிடுவார்களோ என்று உயிர் போய்விட்டது. பழசு முன்னால், புதுசு பின்னால் என்று சொல்லிக்கொண்டே மறுபடி போட்டேன். சிவப்பு விளக்கு பச்சையாயிற்று.

பின்கதவைத் திறந்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. வெயில் முகத்தில் அடித்தது. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். சுற்றிலும் உயர உயரமாக மரவேலி. அதில் ஒரு சின்னக் கதவு இருந்தது, அதையும் திறந்து எட்டிப் பார்த்தேன். நீளமான சந்து, வரிசையாகக் கராஜ் கதவுகள், ஒரு ஆள் இல்லை. எங்கே போவது? கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வேலிக்கு வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலும். பிறகு திரும்பி வந்து, நானே கதவைச் சாத்தி, நானே எண்ணை அழுத்திப் பூட்டினேன். மற்றவர்கள் பூட்டிய சத்தமும் நான் பூட்டிய சத்தமும் ஒன்றேதான். ஆனாலும் எனக்கு வேறாகத்தான் கேட்டது.

வெள்ளைப் புள்ளி மீன் பிழைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை தொட்டியைத் தொடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாப்பிள்ளையோடு அதற்குப் பிறகு நேராகப் பேசினேன் என்று சொல்ல முடியாது. சுவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினேன், அவ்வளவுதான். கிரீன் கார்டு அப்போதும் வரவில்லை.

மீன் வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தண்ணீர் மாற்றுகிற கணக்கும் அந்தச் சொட்டு மருந்து விஷயமும் நான் சொன்னபடிதானா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். நான் காதால் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறேன், யாராவது நம்பி ஒரு மீனைக் கொன்றுவிடக் கூடாது. லூர் பற்றி எழுதியதை மாப்பிள்ளை பார்க்கட்டும். கரும்புத் துண்டு மாதிரி இருந்ததற்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். கதவு எண்ணை மட்டும் யாரும் கேட்காதீர்கள். அதை எழுதக் கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறாள்.